கொசுறு மாமா நின்ற நிற்பு

அந்த உலகச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று படித்தவர்களைக் கேட்டால் ஏதேதோ தேசத்தின் பெயரைச் சொல்வார்கள். திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவைக் கேட்டிருந்தால் கொசுறு மாமா ஜெயித்தார் என்றுதான் சொல்லியிருப்போம். துப்பாக்கி இல்லை, பீரங்கி இல்லை. ஒரு மஞ்சள் பையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கால்களால் சும்மா நின்றே ஜெயித்தார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். தபால்காரருக்காவது தெரிந்திருக்கும் என்று பார்த்தால், மாமாவுக்குத் தபாலே வராது. தெருவில் பெரியவர், சின்னவர், பால்காரர், வண்ணார் எல்லாருக்கும் அவர் கொசுறு மாமாதான்.

நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தபோது சண்டை ஆரம்பித்திருந்தது, விலைவாசி இன்னும் ஆரம்பிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு சமஸ்தானக் கச்சேரியில் குமாஸ்தா வேலை. வீட்டில் மாமியார், நாங்கள் இரண்டு பேர், பின்னால் ஒரு முருங்கை மரம். அந்த மரத்தை மறந்துவிடாதீர்கள், அதற்குக் கடைசியில் வேலை இருக்கிறது.

வந்த முதல் வெள்ளிக்கிழமையே மாமாவிடம் மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை என்றால் புதுக்கோட்டையில் சந்தை. எங்கள் தெருவில் எட்டு வீட்டுக்கும் காய்கறி வாங்கி வருவது மாமாதான். விடிந்ததும் பெரிய சாக்குப் பைகளோடு டவுனுக்கு நடந்து போவார், வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்து ஒவ்வொரு வாசலிலும் அவரவர் பங்கைக் கொட்டுவார். எங்கள் வாசலில் அன்றைக்குக் கத்தரிக்காய், அவரைக்காய், ஒரு பூசணிக் கீற்று எல்லாம் விழுந்தது. கறிவேப்பிலை மட்டும் இல்லை. நான் புதுப்பெண் என்றாலும் வாய் ரொம்ப நாள் பழகியது.

"கருவேப்பிலை, கொத்தமல்லி எல்லாம் வாங்கலையா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கோலத்தை நிறுத்தினாள். மாமா என்னைப் பார்த்தார், என் மாமியாரைப் பார்த்தார், பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மாமியார் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"அது அவரு பங்குடி. அதைப் போயிக் கேட்டு வச்சிருக்கியே. இன்னைக்கு ரசம் தாளிக்காமக் கெடக்கட்டும், போ."

பிறகுதான் விஷயம் புரிந்தது. மாமா கச்சேரியில் டவாலிச் சேவகராக இருந்து பென்ஷன் ஆனவர். பிள்ளை குட்டி கிடையாது, அவரும் சம்சாரமும்தான். எட்டு வீட்டுக்கும் சந்தை போய் வருவதற்கு யாரிடமும் கூலி வாங்க மாட்டார். ஆனால் எட்டு வீட்டு வியாபாரத்துக்கும் விழுகிற கொசுறு மட்டும் அவருடையது. கறிவேப்பிலை, கொத்தமல்லி, நாலு பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி, மளிகைக் கடையில் ஒரு கிள்ளு வெல்லம், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை. அதற்கென்று தனியாக அந்த மஞ்சள் பை. அவர் வீட்டுக் குழம்பு, ரசம், துவையல் எல்லாம் அந்தப் பைக்குள்ளிருந்துதான் வரும். அரிசி, பருப்பு, உப்பு, புளி இவற்றுக்கு மட்டும்தான் அவர் காசைத் தொடுவார்.

என் மேல் அவருக்குக் கோபம் தணிந்தபிறகு ஒரு நாள் எனக்குப் பாடமே நடத்தினார்.

"கொசுறை வாயால கேக்கக் கூடாது ஆத்தா. கேட்டா அது பிச்சை. அவங்களாப் போடணும்."

"போடலைன்னா மாமா?"

"போடுற வரைக்கும் நிக்கணும்."

"போட்டது கொறைச்சலா இருந்தா?"

"போட்டதைப் பாக்கவே கூடாது. பையை விரிச்சுப் பிடிக்கணும், மடிக்கணும், வந்துக்கிட்டே இருக்கணும். கொறைஞ்சிருக்கு கூடியிருக்குன்னு கொசுறுக்குக் கணக்குப் பாத்தா மகாலெச்சுமி கோவிச்சுக்குவா."

நிற்பது என்றால் நானும் நீங்களும் நிற்கிற மாதிரி இல்லை. முப்பது வருஷம் அதிகாரியின் அறை வாசலில் நின்று பழகிய கால் அது. காய் வாங்கி, காசு கொடுத்து, பையில் போட்ட பிறகு அசையாமல் நிற்பார். முறைக்க மாட்டார், சிரிக்க மாட்டார். கடைக்காரர் அடுத்த ஆளுக்குத் தராசைத் தூக்கினால் மாமாவின் முகம் நடுவில் இருக்கும். சில்லறை எடுக்கத் திரும்பினால் அங்கிட்டும் மாமாதான் இருப்பார். கடைசியில் கடைக்காரரே அள்ளிப் போட்டு அனுப்பிவிடுவார்.

இதைச் சந்தையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாமா எல்லா இடத்திலும் நின்றார். சவரம் முடிந்து காசு கொடுத்துவிட்டு நாவிதர் முன்னால் நிற்பார், அவர் காதோரத்தில் இரண்டு முடியைக் கொசுறாக வெட்டிவிடுவார். தபாலாபீஸில் என் மாமியாருக்காக ஒரு கார்டு வாங்கிக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் நின்றாராம். தபால் குமாஸ்தா என்ன செய்வார் பாவம், கொடுக்க அவரிடம் என்ன இருக்கிறது? வெகுநேரம் பார்த்துவிட்டு, ஸ்டாம்பு ஒட்டுகிற பசையில் கொஞ்சம் காகிதத்தில் வழித்துக் கொடுத்து அனுப்பினாராம். அந்தப் பசையில்தான் எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தின் கிழிந்த அட்டையை மாமா ஒட்டிக் கொடுத்தார்.

ஒருமுறை கொடும்பாளூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார். பெட்ரோல் கிடைக்காமல் கரியைப் போட்டு பஸ் ஓட்டிய காலம். திருக்கோகர்ணம் வந்ததும் இறங்காமல் படியிலேயே நின்றார். கண்டக்டர் விவரமானவர்.

"சரி, ஒங்க தெரு முக்கு வரைக்கும் கொசுறா வாங்க. ரைட்."

கரிப் புகையைக் கக்கிக்கொண்டு நாலு கடை தூரம் போன வண்டி நின்றேவிட்டது. கண்டக்டர் கதவைத் திறந்தார். "கொசுறுக்குப் போன எடத்துல நின்னுருச்சு. எல்லாரும் எறங்கித் தள்ளுங்க." பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் மாமாவைத் திட்டிக்கொண்டே தள்ளினார்கள். மாமாவும் தள்ளினார். தெரு முக்கு வந்ததும் விலகிக்கொண்டு, "இது போதும், நான் இங்கனயே எறங்கிக்கிறேன்" என்றாராம்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து விலைவாசிக்குப் பொறுக்கவில்லை.

சண்டை பர்மாவுக்குள் புகுந்ததும் ரங்கூன் அரிசி வருவது நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் ஒவ்வொரு விலை. முன்பு மளிகைக்குக் கொடுத்தது போக மீதியில் வீட்டு வாடகை, துணிமணி, வைத்தியச் செலவு எல்லாம் நடந்தன. பிறகு மளிகைக்குக் கொடுத்தது போக மீதி என்று ஒன்று இல்லாமலே போயிற்று. என் வீட்டுக்காரர் சம்பளத்தைக் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுப்பார், மாமியார் அதை அரிசிக் கடைக்காரர் கையில் கொடுப்பார். எங்கள் வீடு அந்தப் பணம் வழியில் தங்கிப் போகிற சத்திரமாகத்தான் இருந்தது.

மாமியாருக்கு அப்போது ஒரு வியாதி பிடித்தது. இலையில் எதை வைத்தாலும் விலையைச் சொல்லிக்கொண்டே வைப்பார்.

"இந்தா, அவரைக்காய். போன வாரத்துக்கு இது ரெண்டு பங்கு வெல. இந்த அப்பளத்தைப் பாத்துத் தின்னு, உளுந்து விக்கிற வெலையில இதைப் பொட்டியில வச்சுப் பூட்டணும்."

என் வீட்டுக்காரர் நீட்டிய கையை மடக்கிக்கொள்வார். "போதும்மா. இன்னும் ஒரு கரண்டி சாப்பிட்டா நான் ராவுக்கு வேற வேலை தேடணும்."

ரேஷனில் கோதுமை போட்டார்கள். அது என்ன, அதை என்ன செய்வது என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. மாமியார் அதை அரிசி மாதிரியே களைந்து உலையில் போட்டு வடித்து, மேலே சாம்பாரை ஊற்றினார். என் வீட்டுக்காரர் மென்றார், மென்றார், கச்சேரிக்கு நேரமாகும் வரை மென்றார். சாயங்காலம் வந்து, "அதிகாரி கேட்டதுக்குப் பதில் சொல்ல முடியலை, வாயில இன்னும் இருந்துச்சு" என்றார்.

இந்த அழகில் கொசுறு மட்டும் எப்படித் தப்பும்? கொத்தாக விழுந்த கறிவேப்பிலை ஒரு குச்சியானது. இஞ்சி நின்றது. கடைசியில் சந்தையில் காய்க்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசி, இனிமேல் யாருக்கும் கொசுறு கிடையாது, கறிவேப்பிலையும் காசுக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் வளையல் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். அதனால் இது கேள்விப்பட்ட கதை இல்லை, கண்ணால் பார்த்தது. மாமா வழக்கமாகக் கத்தரிக்காய் வாங்குவது கறம்பக்குடியிலிருந்து மாட்டு வண்டியில் வருகிற ஒரு பெண்ணிடம். சிறு வயசுதான். புருஷன் இல்லை, தானே வண்டி ஓட்டி வரும். மாமா எட்டு வீட்டுக்கும் கத்தரிக்காய் வாங்கினார். காசு கொடுத்தார். நின்றார்.

"எங்க கட்டுப்பாடு தெரியும்ல மாமா. இன்னைக்கு நீங்க நின்னாலும் கெடையாது, உக்காந்தாலும் கெடையாது" என்றது அந்தப் பெண்.

மாமா நகரவில்லை. வெயில் ஏறியது. நான் வளையல் வாங்கிவிட்டு வந்தேன், நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குப் போகலாம் மாமா என்று சொல்லிக்கொண்டு நானும் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் கவனித்தேன், மாமாவுக்குப் பின்னால் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

உங்களுக்கு அந்தக் காலம் தெரியாது. யாராவது ஓரிடத்தில் அசையாமல் நின்றால் அங்கே ஏதோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். எதைக் கொடுக்கிறார்கள் என்பது முன்னால் போனபிறகு தெரிந்தால் போதும், முதலில் வரிசையில் இடம் பிடிக்க வேண்டும்.

"என்ன குடுக்கிறாங்க?"

"தெரியலைங்க. முன்னால நிக்கிற பெரியவருக்குத் தெரியும்."

"சீமெண்ணெய்னு சொல்லிக்கிறாங்களே."

"சீனியாம்ல. கலத்தை எடுத்துட்டு வரலையே நான்."

வரிசை கருவாட்டுக் கடையைத் தாண்டியது. போலீஸ்காரர் ஒருவர் வந்தார். வந்த வேகத்தில் பெண்களுக்குத் தனி வரிசை போட்டு, என்னை அதற்குத் தலைவியாக நிறுத்திவிட்டார். பிறகுதான் மாமாவிடம் போனார்.

"என்ன பெரியவரே, எதுக்கு நிக்கிறீங்க?"

மாமா என்ன சொல்வார்? வாயால் கேட்டால் பிச்சையாகிவிடுமே. "சும்மாதான்" என்றார்.

போலீஸ்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பின்னாலிருந்து, "சீக்கிரம் குடும்மா" என்று சத்தம் கிளம்பியது. அந்தப் பெண் பயந்துபோய்க் கூடையிலிருந்து கத்தரிக்காயை அள்ளித் தராசில் வைத்தது. அவ்வளவு நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு போக யாருக்கும் மனசு வரவில்லை. சீமெண்ணெய்க்கு வந்தவர் கத்தரிக்காய் வாங்கினார், சீனிக்கு வந்தவரும் கத்தரிக்காய் வாங்கினார். போலீஸ்காரர்கூடத் தொப்பியில் கொஞ்சம் வாங்கிக்கொண்டார். கூடை காலியானது. அந்தப் பெண் கூடையின் அடியில் கிடந்த கறிவேப்பிலை, மிளகாய், கொத்தமல்லி எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாரிக் கொண்டுவந்தது. மாமா மஞ்சள் பையை விரித்துப் பிடித்தார், உள்ளே பார்க்காமல் மடித்தார்.

"வா ஆத்தா, போகலாம்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்குள் அவர் கால் வைத்ததும், "இங்கிட்டு வந்து நில்லுங்க மாமா", "நம்ம கடையில கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போங்க மாமா" என்று நாலு பக்கமும் கூப்பிட்டார்களாம். உலகச் சண்டையில் அவர் ஜெயித்தார் என்று நான் சொன்னது இதை வைத்துத்தான். ஆனால் இன்றைக்கும் அவரை நான் நினைத்துக்கொண்டிருப்பது, அதற்குப் பிறகு அவர் தோற்றதை வைத்து.

கொஞ்ச காலம் போயிற்று. விலை இறங்கவில்லை. ஜனங்களுக்கும் மாமாவின் நிற்பு பழகிவிட்டது, அவருக்குப் பின்னால் இப்போது யாரும் வரிசை போடுவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாமா சீக்கிரமாகவே சந்தையிலிருந்து வந்துவிட்டார். எங்கள் பங்கைக் கொட்டினார். மஞ்சள் பை செருகியபடியே இடுப்பில் இருந்தது, விரிக்கவே இல்லை. மாமியார் கண்ணுக்கு அது தப்புமா?

"என்னண்ணே, பையி மடிச்சது மடிச்சபடி இருக்கு?"

"நிக்கலை தங்கச்சி."

"ஏன், கால் வலியா?"

"காலுக்கென்ன." மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கறம்பக்குடிப் புள்ள ஒரு மாட்டை வித்துருச்சு. வைக்கோல் வாங்கிக் கட்டுப்படியாகலையாம். இன்னைக்கு யாரு வண்டியிலயோ கூடையை ஏத்திக்கிட்டு வந்திருக்கு. நான் நின்னா அது போட்டுரும். அதான் நிக்கலை."

"மத்த கடையில நிக்கிறதுதானே?"

"எல்லா வீட்டுலயும் மாடு ஒண்ணு கொறைஞ்சுதான் இருக்கு."

அதற்குப் பிறகு அவர் நிற்கவே இல்லை. சந்தைக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை, எட்டு வீட்டுக்கும் எப்போதும் போல வாங்கி வந்து கொடுத்தார்.

அதுவரை நாங்கள் கொசுறை மாமாவுக்குப் பிடித்த ஒரு கிறுக்கு என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு நாள் இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். மாமா இல்லை. அவர் சம்சாரத்தை நான் பெரியத்தை என்று கூப்பிடுவேன். பெரியத்தை அடுப்பங்கரையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தொட்டுக்கொள்ள உப்புக்கல். என்னைக் கண்டதும் கிண்ணத்தை முந்தானையால் மூடினார். அவர் கை வளையல் முழங்கை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"என்ன பெரியத்தை இது?"

"பென்ஷன் பழைய பென்ஷன்தானே ஆத்தா. முன்ன அதுல அரிசி பருப்பு வாங்குவோம், மத்ததைப் பையி பாத்துக்கும். இப்ப அது அரிசிக்கே எட்ட மாட்டேங்குது. ஒருவேளைதான் ஒலை வைக்கிறேன். அவரு, சந்தையில சாப்பிட்டுட்டேன் சந்தையில சாப்பிட்டுட்டேன்னு சொல்லிட்டு எனக்கு ஊத்திருவாரு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருகிட்டயும் சொல்லிராத. அவருக்குத் தெரிஞ்சா வெளிய தலை காட்ட மாட்டாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நேரே வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொல்லிவிட்டேன். ரகசியத்தைக் காப்பாற்றுகிற நல்ல குணம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மாமியார் உடனே அரைப்படி அரிசியை ஒரு சொம்பில் போட்டு என்னிடம் கொடுத்து அனுப்பினார். சொம்பு போன வேகத்தில் திரும்பி வந்தது, மாமாவே கொண்டுவந்தார்.

"தங்கச்சி, நவராத்திரிக்கு அரமனை வாசல்ல ஊரே வரிசையில போயி நிக்கும். அரிசியும் அம்மன் காசும் குடுப்பாங்க. நான் என்னைக்காவது போயி நின்னுருக்கேனா?"

"இல்லைண்ணே."

"சும்மா வாரது எனக்கு ஆகாது."

"அப்ப கொசுறு மட்டும் என்னவாம்?" மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது யாவாரத்தோட சேர்த்தி. வாங்கினவனுக்கு உண்டானது." மாமா சொம்பை வாசல்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாமியார் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி என் வீட்டுக்காரருக்குச் சோறு போடும்போது விலை சொல்ல மறந்துவிட்டார். அவர் பயந்துபோய், "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் கேட்டார்.

மறுநாள் காலையில் மாமியார் கொல்லைப் பக்கம் போய் முருங்கைக் கீரையை ஒடித்தார். சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி முறத்தில் அடுக்கினார். வாசலில் சாக்கை விரித்து, முறத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குமாஸ்தா வீட்டு அம்மா கீரை விற்கிறார் என்றால் தெரு என்னாகும்? என் வீட்டுக்காரர் கச்சேரிக்குப் பின்வாசல் வழியாகப் போனார்.

மாமா வந்தார். திகைத்துப் போனார்.

"என்ன தங்கச்சி இது?"

"விக்கிற வெலைவாசியில நாலு காசு சம்பாதிச்சாத்தான் ஆகும். கட்டு ஒரு அம்மன் காசு. வாங்குறதுன்னா வாங்குங்க, இல்லாட்டி யாவாரத்தை மறிக்காம அங்கிட்டுப் போங்க."

ஓர் அணாவுக்கு இருபது அம்மன் காசு. அதற்குக் கீழே எங்கள் சமஸ்தானத்தில் காசே கிடையாது. மாமா இடுப்பைத் தடவி ஒரு காசை எடுத்துக் கொடுத்தார். கீரைக்கட்டை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் போகவில்லை. கால் பழக்கத்தை விடுமா? நின்றார்.

"என்ன நிக்கிறீங்க? எனக்குக் கட்டுப்படியாகாது" என்றார் மாமியார். கொஞ்சம் முனகினார். தலையில் அடித்துக்கொண்டார். பிறகு முறத்துக்குப் பின்னாலிருந்து சொம்பை எடுத்தார். நேற்றுத் திரும்பி வந்த அதே அரைப்படி அரிசி. "சரி, பையைப் பிடிங்க."

மாமாவின் முகம் சிவந்தது. "கீரைக்கு யாராச்சும் அரிசியைக் கொசுறாப் போடுவாங்களா?"

"போட்டதைப் பாக்கக் கூடாதுன்னு என் மருமககிட்டச் சொன்னது யாரு?"

தன் சட்டத்தில் தானே சிக்கிக்கொண்டு அந்த மனிதர் நின்ற நிற்பை நான் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அவர் கீரைக்கட்டை முறத்தில் திருப்பி வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது, பெரியத்தைக்கு நாங்கள் வேறு எந்த வழியிலும் ஒரு பிடி அரிசி கொடுக்க முடியாது. மாமா குனிந்து கீரையைப் பார்த்தார். என் மாமியாரைப் பார்த்தார். மெதுவாக இடுப்பிலிருந்து மஞ்சள் பையை உருவினார். விரித்துப் பிடித்தார். முகத்தை மட்டும் தெருப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

அவ்வளவுதான், எங்கள் தெருவே கடைவீதியானது. எதிர்வீட்டில் ஓர் எலுமிச்சம்பழம் ஓர் அம்மன் காசு, கொசுறு ஒரு கிண்ணம் துவரம்பருப்பு. கோடி வீட்டில் இரண்டு வரட்டி ஓர் அம்மன் காசு, கொசுறு அரைத்தேங்காய். யாருடைய பானையிலும் மிஞ்சிக் கிடந்து கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த அரைப்படி குறைந்த நாளில் ராத்திரி மறுபடி கோதுமைதான். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் மென்றார். மாமா நாளாக நாளாகத் துணிந்துவிட்டார். "கீரை முத்தலா இருக்கே தங்கச்சி" என்று பேரம் பேசும் அளவுக்கு வந்துவிட்டார். "முத்தல்னா வைங்க" என்று மாமியாரும் பிடுங்குவார். இரண்டு பேரும் தெரு அதிரச் சண்டை போட்ட பிறகு அரைப்படி அரிசி மாமாவின் பையில் விழும்.

மாமாவும் சும்மா இருக்கவில்லை. ரேஷன் கடையில் எட்டு வீட்டுக்கும் அவரே போய் நின்றார். நிற்பதில் அவரை மிஞ்சப் புதுக்கோட்டையில் ஆள் ஏது? கடை திறக்கும் முன்னால் போய் முதல் ஆளாக நிற்பார். எங்கள் தெருவில் ஒருவரும் அந்த வரிசையில் கால் கடுத்ததில்லை.

சண்டை முடிந்தது. கொஞ்ச வருஷத்தில் சமஸ்தானமும் முடிந்தது, சென்னை மாகாணத்தோடு சேர்த்துவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு வெளியூர் மாற்றல் வந்தது. மூட்டை முடிச்சோடு மாமியாரும் நாங்களும் பஸ் ஏறப் போன அன்றைக்கு மாமா வேகவேகமாக வந்தார். கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை.

"ஒரு அம்மன் காசு குடு ஆத்தா."

"அம்மன் காசு இனிமே செல்லாதே மாமா."

"எனக்குச் செல்லும்."

முந்தானை முடிச்சில் ஒன்று இருந்தது. கொடுத்தேன். கறிவேப்பிலையை என் கையில் வைத்தார். என் மாமியார் ஏற்கெனவே பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தார். மாமா அவரை ஜன்னல் வழியாகப் பார்த்து, "ஒங்க மாமியா மாதிரி நஷ்டத்துக்கு யாவாரம் பண்ண இனிமே ஒரு ஆளு பொறக்கணும்" என்றார். மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

கண்டக்டர், "ஏறும்மா, ஏறு" என்றார். நான் ஏறவில்லை. வாங்கியாயிற்று, காசும் கொடுத்தாயிற்று. வாயைத் திறக்காமல் மாமா முன்னால் நின்றேன்.

மாமாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்துவிட்டது. இடுப்பைத் தடவினார், மஞ்சள் பை காலி. சட்டைப் பையைத் தொட்டார், அங்கேயும் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு கையையும் தூக்கி என் தலையில் வைத்தார். கண்டக்டர் விசில் ஊதினார், மறுபடியும் ஊதினார். மாமா கையை எடுக்கவில்லை.

இப்போது நான் இருக்கிற ஊரில் காய்கறிக் கடை கண்ணாடிக் கதவு போட்டது. விலையெல்லாம் அட்டையில் எழுதியிருக்கும், கறிவேப்பிலைக்குக்கூட. வாங்கி, பணம் கொடுத்து, பையை எடுத்துக்கொண்ட பிறகும் நான் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன்.

"இன்னும் ஏதாச்சும் வேணுமாம்மா?" என்பார் கடைக்காரர்.

"வேண்டாங்க. ஒருத்தரை நெனச்சுக்கிட்டு நின்னுட்டேன்" என்று சொல்லிவிட்டு வருவேன்.